“நல்லா இருக்கும்மா, ஆனா அது இல்ல!”

கேள்வி: என் மகன் சீனாவில் சூஜோ நகரத்தில் மருத்துவம் படித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறான். அங்கே கேன்டீனில் சாப்பிட்ட தக்காளி முட்டை வேண்டுமென்று கேட்கிறான். வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கி, மஞ்சள் தூள், தக்காளி சேர்த்து, சுருண்டதும் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறிக் கொடுத்தேன். மூன்று முறை செய்தும் “நல்லா இருக்கும்மா, ஆனா அது இல்ல” என்கிறான். எங்கே தவறுகிறேன்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் செய்தது நம் முட்டைப் பொரியல். அவன் கேட்பது வேறு. நம் பொரியலில் தக்காளியின் ஈரத்தை முட்டை இழுத்துக்கொண்டு உதிரி உதிரியாக வர வேண்டும். சீனர்கள் வீட்டில் அப்படியே தலைகீழ். முட்டை பெரிய துண்டுகளாக மெத்தென்று கிடக்கும், தக்காளி அதைச் சுற்றிக் கெட்டிக் குழம்பாக நிற்கும். அந்தக் குழம்பைச் சுடுசோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள். ஆகவே முட்டையையும் தக்காளியையும் தனித்தனியாகச் சமைத்து, கடைசி ஒரு நிமிடம் மட்டும் சேர்க்க வேண்டும். வெங்காயம், மிளகாய், மஞ்சள் மூன்றையும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, அவன் இருந்தது சூஜோ. அந்த ஜியாங்சு மாகாணத்துச் சமையலில் இனிப்புத் தூக்கலாக இருக்கும். இந்தத் தக்காளி முட்டைக்குச் சர்க்கரை போடுவதா கூடாதா என்று சீனர்களுக்குள்ளேயே ஓயாத வழக்கு உண்டு. உங்கள் மகனின் நாக்கு தேடுவது பெரும்பாலும் அந்தச் சர்க்கரையைத்தான் என்று எனக்குப் படுகிறது.

இரண்டு பேருக்கு 4 முட்டை, நடுத்தர அளவில் 4 தக்காளி. நாட்டுத் தக்காளியே வாங்குங்கள், நன்றாகப் பழுத்ததாக. கெட்டித் தோல் பெங்களூர்த் தக்காளியில் சாறு போதாது. கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்தால் தோல் தானே கழன்று வரும். பாதியைப் பொடியாக நறுக்குங்கள், அது குழம்புக்கு. மீதியைப் பெரிய துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள்.

முட்டையில் கால் ஸ்பூன் உப்பும் ஒரு ஸ்பூன் தண்ணீரும் விட்டு, வெள்ளைக்கரு இழை இழையாகத் தெரியாத அளவுக்கு அடியுங்கள். இரும்புக் கடாயை நன்றாகக் காயவைத்து 3 மேசைக்கரண்டி எண்ணெய் விடுங்கள். சீனர்களும் கடலை எண்ணெய் ஊற்றுகிறவர்கள்தான். ஆனால் செக்கு எண்ணெயின் வாசனை இதில் தூக்கிவிடும், ரீஃபைண்ட் போதும். எண்ணெயைக் குறைக்க வேண்டாம், காயாமல் முட்டையை ஊற்றவும் வேண்டாம். சூட்டில் முட்டையிலுள்ள ஈரம் ஆவியாகித்தான் அது பூரிபோல உப்புகிறது, அந்த மெத்தென்ற தன்மை அங்கிருந்துதான் வருகிறது. ஊற்றியவுடன் கிளறாதீர்கள். ஓரம் உப்பி வந்ததும் கரண்டியால் மெல்லத் தள்ளித் தள்ளிப் பெரிய துண்டுகளாக மடியுங்கள். மேலே இன்னும் ஈரமாக இருக்கும்போதே தட்டில் எடுத்துவிடுங்கள். வேகவில்லையே என்று மனசு அடித்துக்கொள்ளும். பயப்படாதீர்கள், மறுபடியும் கடாய்க்குத்தானே போகிறது!

அதே கடாயில் ஒரு ஸ்பூன் எண்ணெய், வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி, பிறகு பொடியாக நறுக்கிய தக்காளி. உப்பை அப்போதே போட்டால் சாறு விடும். தக்காளி மசிந்து ‘மணல் விட’ வேண்டும் என்பது சீனத்துப் பேச்சு. சதை கரைந்து, குழம்பு மணல்போல நறநறவென்று தெரிவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்தப் பதம் வந்ததும் பெரிய துண்டுகளையும் ஒன்றரை ஸ்பூன் சர்க்கரையையும் சேர்த்து, துண்டுகள் ஓரம் குழைந்ததும் முட்டையைப் போட்டு நாலு புரட்டு. முட்டை முழுதும் வெந்ததும் வெங்காயத்தாள் பச்சையைத் தூவி இறக்குங்கள். குழம்பு நீர்த்திருந்தால் அரை ஸ்பூன் கார்ன்ஃப்ளாரைத் தண்ணீரில் கரைத்து விடலாம். பல வீடுகளில் அப்படிச் செய்கிறார்கள்.

சரியான முறை எது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. 1621-இலேயே ஒரு சீனத் தாவர நூலில் தக்காளி வந்துவிட்டது; ஆனாலும் நெடுங்காலம் அது அழகுக்கு வளர்த்த செடிதான். அடுப்படிக்குப் பரவலாக வந்தது போன நூற்றாண்டில். நம் பெரியவர்கள் ‘சீமைத் தக்காளி’ என்றதுபோல அங்கேயும் பெயரிலேயே வெளிநாடு ஒட்டிக்கொண்டிருக்கிறது: வடக்கே ‘ஷீஹோங்ஷி’ – மேற்கத்தியச் சிவப்புப் பெர்சிமன் பழம்; தெற்கே ‘ஃபான்ச்சியே’ – அதாவது அந்நியக் கத்தரிக்காய். இவ்வளவு புதிய பதார்த்தம் என்பதால் வீட்டுக்கு வீடு கைமணம் மாறும். ஆகவே மகனிடமே கேளுங்கள்: குழம்பு நிறைய இருந்ததா, கெட்டியாக இருந்ததா? பூண்டு வாசனை இருந்ததா? முதலில் முட்டை தெரிந்ததா, தக்காளி தெரிந்ததா? சாப்பிட்டவன் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

சோற்றுக்குப் பச்சரிசியைச் சற்றுக் குழைய வடியுங்கள், புழுங்கலரிசி இதற்கு ஒட்டாது. முன்கூட்டியே செய்து மூடி வைக்காதீர்கள், முட்டை தண்ணீர் விட்டுக் கெட்டிப்பட்டுப் போகும். அவன் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகு கடாயை அடுப்பில் ஏற்றுங்கள். எல்லாம் நறுக்கித் தயாராக இருந்தால் பத்து நிமிடம்கூட ஆகாது.