காலுறை, சம்பளம், பிள்ளை – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

பந்திங்கில் நீங்கள் பேசியதைக் கேட்ட பிறகு, அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத் தேடிப் படித்தேன். ஏமாற்றம்தான். ஆறு லட்சம் பேருக்கு மேல் செத்த போர். கடிதத்தில் பார்த்தால் காலுறை அனுப்பு, மாட்டை விற்றாயா, சம்பளம் இன்னும் வரவில்லை. இதில் வரலாறு எங்கே? எங்கள் வாசிப்பு வட்டத்தில் தோட்ட வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மாக்கள்தான் அதிகம். அவர்களுக்கு இதைக் கொடுத்து என்ன பயன்?

– ஓய்வுபெற்ற ஆசிரியை, பந்திங், மலேசியா

அன்புள்ள டீச்சருக்கு,

தாராளமாகக் கொடுங்கள். அந்த அம்மாக்களுக்குத்தான் இது சட்டென்று புரியும்.

1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரில், சிப்பாய்களின் கடிதங்களைப் பிரித்துத் தணிக்கை செய்யும் வழக்கம் ராணுவத்தில் இல்லை. சண்டையைப் பற்றியும் எழுதத்தான் செய்தார்கள். ஆனால் அதிபர் லிங்கனின் வடக்குப் படையில் தபால்தலைக்குக் காசில்லாத சிப்பாய் தலை ஒட்டாமலே அனுப்பலாம். தபால் கட்டணமான 3 சென்டை வீட்டில் இருப்பவர் கட்டி வாங்க வேண்டும். காசு கட்டிக் கடிதத்தைப் பிரிக்கிற மனைவிக்கு எந்தத் தளபதி எந்தக் குன்றைப் பிடித்தார் என்பதா அவசரம்? மாட்டை விற்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

சம்பளப் பேச்சைச் சலிப்போடு சொல்கிறீர்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10; அதிலும் துணிக்கென்று 3 பிடித்துக்கொண்டு, கையில் 7. மாசசூசெட்ஸ் 54ஆவது படைப்பிரிவு அந்தக் குறைந்த சம்பளத்தைத் தொடவே மறுத்தது. அதில் இருந்த ஜேம்ஸ் ஹென்றி குடிங், 1863 செப்டம்பரில் அதிபர் லிங்கனுக்கே எழுதினார். சிப்பாயின் கடமையைச் செய்துவிட்டோம், சிப்பாயின் சம்பளம் ஏன் இல்லை என்று கேட்டார். சட்டம் மாற 1864 ஜூன் ஆகிவிட்டது. அதுவரை காசு வராமல் அடுப்பெரித்த பெண்களுக்கும் அந்த மறுப்பில் பங்கு உண்டு. உங்கள் பக்கத்துக் கிள்ளானில் 1941இல் இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை எங்களுக்கும் கொடு என்று கேட்டார்களே. அந்தக் கதையைத் தாத்தா வாயால் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 13க்கும் 7க்கும் உள்ள தூரத்தை நீங்கள் விளக்கவே வேண்டாம்.

அப்புறம், நீங்கள் இன்னும் பார்த்திராத ஒன்றைச் சொல்கிறேன். ஸ்பாட்ஸ்வுட் ரைஸ், மிசூரி மாநிலத்துப் புகையிலைத் தோட்டத்தில் அடிமையாக இருந்து படையில் சேர்ந்தவர். 1864 செப்டம்பரில் செயின்ட் லூயிஸில் ராணுவ மருத்துவமனையில் இருந்தபடி, இன்னும் அடிமைகளாக இருந்த தன் இரண்டு மகள்களுக்கு எழுதுகிறார்: கலங்காதீர்கள், உங்களை மீட்டே தீருவேன். பிள்ளையைத் திருடப் பார்த்தான் என்று எஜமானி சொல்லியிருந்தாள். ஒருவன் தன் ரத்தத்தையே திருடுவதாகக் கடவுள் வைக்கவில்லை என்கிறார் ரைஸ். அந்த எஜமானி கிட்டி டிக்ஸுக்கும் தனியாக ஒரு கடிதம். என் சொந்தப் பிள்ளைக்கு 40 டாலர் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன், நீ வாங்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று என்று எழுதுகிறார். படிக்கும்போது எனக்குக் கை நடுங்கியது.

இவை எப்படிப் பிழைத்தன தெரியுமா? கிட்டியின் சகோதரர்தான் அவர்கள் ஊர் அஞ்சல் அதிகாரி. ரைஸின் மகள்களில் ஒருத்தி கிட்டியின் அடிமை, இன்னொருத்தி இந்தச் சகோதரர் வீட்டு அடிமை. இரண்டு கடிதங்களையும் புகாரோடு சேர்த்து மிசூரியின் ராணுவத் தளபதி ஜெனரல் ரோஸ்கிரான்ஸுக்கு அனுப்பி, இவனை மாநிலத்தை விட்டே அனுப்புங்கள் என்று கேட்டார். அந்த ஆத்திரத்தால் அவை ராணுவக் கோப்பில் தங்கிவிட்டன. மகள் மேரி, 1937இல் செயின்ட் லூயிஸில் முதிய வயதில் கொடுத்த பேட்டியில், அப்பா எஜமானின் மகனிடம் படிக்கக் கற்றதைச் சொல்கிறார்.

வட்டத்தில் முதலில் மகள்களுக்கு எழுதியதைப் படியுங்கள், பிறகு கிட்டிக்கு எழுதியது, கடைசியில் அந்தப் புகார். மூன்றும் ஒரே அமர்வில். யாராவது ஓர் அம்மாவை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தமிழில் எழுதிக்கொள்ள உதவி வேண்டுமென்றால் நானும் வந்து உட்காருகிறேன். சனிக்கிழமை மாலை எனக்கு வசதி.