குடியை நிறுத்த பிரிட்டனில் கூட்டம் தேடும் தம்பிக்கு

காவேரிப்பட்டணத்திலிருந்து வேலை விசாவில் பர்மிங்காம் வந்திருக்கும் ஒரு தம்பி கேட்கிறார்: "தினமும் குடிக்கிறேன், நிறுத்தணும். ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு) கூட்டம் சர்ச்சில் நடக்குதாம். போனா விசாவுக்குச் சிக்கல் வருமா? நம்ம ஆளுங்க பார்த்தா ஊர் வரைக்கும் செய்தி போயிடாதா? என் இங்கிலீஷ் போதுமா?"

தம்பி, கூட்டத்துக்கு முன்னால் உடம்பைப் பார்க்க வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் மொத்தமாக நிறுத்தக் கூடாது. சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் ஆனபின் இல்லாத உருவங்கள் தெரிவது, ஆள் அடையாளம் புரியாமல் உளறுவது என்று போனால் அது உயிருக்கே ஆபத்து, உடனே அவசர உதவி எண் 999-ஐக் கூப்பிடுங்கள். ஊரில் மாலை போட்டு ஒரு மண்டலம் குடிக்காமல் இருந்தது இப்போதைக்கு உத்தரவாதம் ஆகாது. நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதுமாக இருந்தால், அடுத்தடுத்த முறை நடுக்கமும் வலிப்பும் கடுமையாகலாம்.

அதனால் முதலில் உங்கள் ஜிபி, அதாவது நீங்கள் பதிவு செய்திருக்கும் பகுதி மருத்துவர். விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் எனும் மருத்துவக் கட்டணம் கட்டியிருப்பீர்கள், பார்க்கத் தனிக் கட்டணம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் என்று கேட்பார்கள். 10 மில்லி சுத்த ஆல்கஹால் ஒரு யூனிட். டாஸ்மாக் கணக்கில், 42.8 சதவீதச் சரக்கு ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, ஏறக்குறைய 7.7 யூனிட். ஆஃப் என்றால் 15-ஐத் தாண்டும். இங்கே விற்கும் 70 சென்டிலிட்டர் விஸ்கி பாட்டில், 40 சதவீதம் என்றால், 28 யூனிட். நாளுக்கு 15 யூனிட்டுக்கு மேல் போனால் மருந்து கொடுத்துக் கண்காணிப்போடு நிறுத்துவதைப் பற்றி யோசிப்பார்கள். 30-ஐத் தாண்டினால் ஆஸ்பத்திரியில் தங்கவைத்து நிறுத்துவது பற்றிப் பேசுவார்கள். கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள், மருந்தின் அளவே அந்தக் கணக்கில்தான் நிற்கிறது. தயமின் எனும் வைட்டமின் பி1 மாத்திரையும் தரலாம், தவறாமல் சாப்பிடுங்கள். ஜிபி அப்பாயின்ட்மென்ட் தாமதமானால், உங்கள் பகுதியின் இலவச மதுச் சிகிச்சை மையத்துக்கு நீங்களே நேரடியாகப் போன் செய்து பெயர் கொடுக்கலாம். அதுவரை திடீரென நிறுத்தாதீர்கள்.

இனி கூட்டம். ஏஏ-வின் இலவச எண் 0800 9177 650. எடுப்பவரும் குடியிலிருந்து மீண்ட ஒருவராகத்தான் இருப்பார். அவர்களுடைய இணையதளத்தில் போஸ்ட்கோடு போட்டாலும் பக்கத்துக் கூட்டங்கள் வரும். 'ஓப்பன்' என்று போட்டிருந்தால் குடும்பத்தார், தெரிந்துகொள்ள வருபவர் யாரும் உட்காரலாம். 'க்ளோஸ்ட்' என்றால் குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் மட்டும். பார்த்துவிடுவார்களோ என்ற பயம் இருப்பதால், வீட்டிலிருந்து நாலைந்து மைல் தள்ளி நடக்கும் க்ளோஸ்ட் கூட்டமாகத் தேர்ந்தெடுங்கள். அங்கே நம் ஆள் ஒருவர் இருந்தாலும், அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார். முதல் பெயர் போதும். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது அங்கே எல்லோரும் மதிக்கும் வழக்கம். ஆனால் அது சட்டம் அல்ல, அதனால் கம்பெனி பெயர், சொந்த ஊர் எல்லாம் பேச்சில் வேண்டாம்.

விசாவுக்கு இதனால் எதுவும் வராது. ஏஏ யாருக்கும் வருகைப் பதிவு அனுப்புவதில்லை. பிற்காலத்தில் விசா விண்ணப்பத்தில் எழுத வேண்டியிருப்பது, குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டு வந்த தண்டனையைத்தான். வண்டி ஓட்டுபவர் என்றால் இன்னொன்று: மதுவுக்கு அடிமை என்று மருத்துவர் சொன்னால், அதை லைசென்ஸ் கொடுக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏ-வுக்குத் தெரிவிப்பது உங்கள் சட்டக் கடமை.

சர்ச் ஹாலை வாடகைக்கு எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் 12 படிகளில் கடவுள் பெயர் வரும், "நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்பது அவர்களுடைய வாசகம். நீங்கள் உங்கள் குலதெய்வத்தை நினைத்துக்கொள்ளலாம், எதையும் நினைக்காமலும் இருக்கலாம். பெரும்பாலும் ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை நடக்கும். ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கிட்டுப் புத்தி சொல்ல மாட்டார்கள். இங்கிலீஷ் பற்றிக் கவலை வேண்டாம், உங்கள் முறை வந்தால் "ஐ ஆம் ஜஸ்ட் லிசனிங் டுடே" (இன்று கேட்க மட்டும் வந்தேன்) போதும். உண்டியல் போல ஒரு பை சுற்றி வரும், புதியவர் போட வேண்டியதில்லை. பத்து நிமிடம் முன்னதாகப் போய் டீ வாங்கிக் கொள்ளுங்கள். முடிந்ததும் ஓடிவிடாமல் இரண்டு மூன்று பேரின் போன் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். நிறையப் பேர் தவறவிடுவது இதைத்தான். இரவு 11 மணிக்குக் குடிக்கத் தோன்றும்போது உதவப் போவது அந்த நம்பர்கள். முதல் கூட்டம் ஒட்டவில்லை என்றால் வேறு மூன்று நான்கு குழுக்களைப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

மனைவிக்கு, குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்று தனி அமைப்பு இருக்கிறது, நீங்கள் போகாவிட்டாலும் அவர் போகலாம். ஊரிலிருந்து யாராவது "சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடு" என்று மாத்திரை அனுப்பினால் அவர் மறுத்துவிட வேண்டும். அது, குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராமாக இருந்து, தெரியாமல் மேலே குடித்தால் வாந்தி, ரத்த அழுத்த வீழ்ச்சி, மாரடைப்பு வரை போகலாம். அது குடிப்பவர் அறிந்து, மருத்துவர் பார்வையில் எடுக்கும் மருந்து.

லீவில் ஊருக்குப் போவதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். கறிவிருந்து, சினேகிதர் கார், இரண்டும் முதல் நாளே காத்திருக்கும். இங்கே சிகிச்சை எடுத்த விவரக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓசூரைத் தாண்டினால் பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதை மருத்துவப் பிரிவு இருக்கிறது. இங்கே வாங்கிய போன் நம்பர்களுக்கு ஊரிலிருந்தும் கூப்பிடலாம், கோடையில் நாலரை மணி நேரம், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.