பால் குடிக்கும்போது குழந்தை கண்ணடிக்கிறதா?

"நாலு மாதக் குழந்தை. இடது இமை கொஞ்சம் இறங்கியே இருக்கும், பால் குடிக்கும்போது மட்டும் அது மேலும் கீழும் துள்ளுகிறது. வலிப்பா டாக்டர்?"

நீங்கள் சொல்வது வலிப்பு மாதிரி இல்லை. மார்கஸ் கன் என்ற கண் மருத்துவர் 1883-லேயே இதை எழுதி வைத்தார், இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. இமையைத் தூக்குவது மூன்றாவது மண்டை நரம்பு, தாடையை அசைப்பது ஐந்தாவது. கருவில் வயரிங் நடக்கும்போதே, டெரிகாய்டு என்ற தாடைத் தசைக்குப் போகவேண்டிய இழைகளில் சில வழி மாறி இமைக்குப் போய்விடுகின்றன, அதனால் தாடை அசைந்தால் இமையும் எழும்புகிறது. வீடியோ எடுத்துக் குழந்தைகளுக்கான கண் மருத்துவரிடம் காட்டுங்கள். துள்ளல் பெரிய விஷயமில்லை, இறங்கிய இமை பார்வையை மறைத்து அந்தக் கண் சோம்பிவிடுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

"முகவாதம் வந்ததிலிருந்து சோறு கன்னத்திலேயே தங்குகிறது. மெல்லும் தசை போய்விட்டதா?"

பல்லை இறுகக் கடித்துக்கொண்டு நெற்றிப் பொட்டிலும் தாடை மூலையிலும் விரல் வையுங்கள். இரண்டு இடத்திலும் கெட்டியாக எழும்புகிறதா? அப்படியானால் மெல்லும் தசைகளான டெம்போராலிஸ், மாசெட்டர் இரண்டும் நன்றாக இருக்கின்றன, அவை ஐந்தாவது நரம்பின் ஆட்கள். முகவாதத்தில் அடிபடுவது ஏழாவது. கன்னத்துப் பக்சினேட்டர் தசை அதன் பொறுப்பில் இருக்கிறது. அது மெல்லுவதில்லை, நழுவும் சோற்றைத் திரும்பப் பல்லுக்கு நடுவே தள்ளித் தரும், அவ்வளவுதான். சாப்பிட்டதும் வாய் கொப்பளியுங்கள். அப்புறம், மூடாத கண் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு அந்தக் கவலைதான் அதிகம்.

"முதலாம் ஆண்டு மருத்துவம். கண்ணுக்கு ஆறு தசை, மூன்று நரம்பு, எல்லாம் குழம்புகிறது."

வெளிப்பக்கம் இழுக்கும் தசைக்கு ஆறாவது, சுப்பீரியர் ஆப்ளிக்குக்கு நாலாவது, மிச்சம் நாலுக்கும் மூன்றாவது. இதில் சுப்பீரியர் ஆப்ளிக் கிணற்று ராட்டினத்தில் கயிறு திரும்புகிற மாதிரி ஒரு வளையத்தில் நுழைந்து திரும்பி, மூக்குப் பக்கம் பார்க்கும் கண்ணைக் கீழே இறக்கும். நாலாவது நரம்பு கெட்டவர் மாடிப்படி இறங்கும்போதுதான் "படி ரெண்டா தெரியுது" என்பார். இதைப் பிடித்துக்கொண்டால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் தப்பிக்கலாம்.

"அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. நேற்றிலிருந்து ஒரு இமை விழுந்துவிட்டது, எல்லாம் இரண்டாகத் தெரிகிறது. தானே சரியாகும் என்கிறார்கள், பொறுக்கலாமா?"

வேண்டாம், இன்றே கூட்டிப் போங்கள். சர்க்கரையால் மூன்றாவது நரம்பு அடிபட்டால் பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பிவிடும், உண்மைதான். ஆனால் மூளை ரத்தக்குழாய் வீங்கி அதே நரம்பை அழுத்தினாலும் இமை இப்படித்தான் விழும், கூடவே அந்தப் பக்கக் கண்மணி விரிந்திருக்கும் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. விரியவில்லை என்றாலும் ஸ்கேன் வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.