படுத்ததும் படபடப்பு, இடது பக்கம் சுருக்: எப்போது பயப்பட வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு மாதமாக இரவில் படுத்ததும் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. சில நேரம் ஒரு துடிப்பு விட்டுப்போய், அடுத்தது தூக்கிப்போடுகிறது. பகலில் எப்போதாவது இடது மார்பில் ஊசி குத்துவதுபோல் சுருக்கென்று வலி வரும், சில விநாடிகளில் போய்விடும். ஈசிஜி எடுத்தேன், நார்மல் என்றார்கள். ஆனாலும் பயம் போகவில்லை, தூக்கமும் இல்லை. எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும், எப்போது பொறுத்திருக்கலாம்?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் மாரடைப்பின் சாயல் தெரியவில்லை. ஆனால் எழுத்தை மட்டும் வைத்து 'ஒன்றுமில்லை' என்று நான் முடித்துவிட மாட்டேன். படபடப்புக்குக் காரணம் தேட வேண்டியிருக்கிறது. வலியும் படபடப்பும் உங்களுக்கு ஒன்றாகச் சேர்ந்து பயமுறுத்துகின்றன. நாம் தனித்தனியாகவே பார்ப்போம்.

முதலில் வலி. இடது பக்கம் வலித்தால் இதயம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் எந்த இடத்தில் வலிக்கிறது என்பதைவிட, எப்படி, எப்போது வலிக்கிறது, கூடவே என்ன வருகிறது என்பதுதான் அதிகம் சொல்லும். இதய வலியைப் பலர் வலி என்றே சொல்வதில்லை. 'பாரமாக இருக்கிறது', 'இறுக்கிப் பிடிக்கிறது', 'ஏதோ அமுக்குகிறது' என்பார்கள். எங்கே என்று கேட்டால் நடு நெஞ்சில் உள்ளங்கையை வைத்தோ, முஷ்டியை மடக்கியோ காட்டுவார்கள். அது கைக்கும் தாடைக்கும் கழுத்துக்கும் முதுகுக்கும் பரவலாம். ஒற்றை விரலால் தொட்டுக் காட்ட முடிகிற, சில விநாடியில் மறைகிற குத்தல் பெரும்பாலும் தசையிலிருந்தோ விலா எலும்புக் குருத்திலிருந்தோ வருவது. அழுத்தினால், மூச்சை இழுத்தால், உடம்பைத் திருப்பினால் கூடுகிற வலியும் இதயத்திலிருந்து வர வாய்ப்பு குறைவு. அதற்காக அதை ஒதுக்கிவிடக் கூடாது. மூச்சு இழுக்கும்போது வலித்து, கூடவே மூச்சுத்திணறலும் இருந்தால் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம், அதுவும் அவசர நிலைதான்.

மாடி ஏறும்போதும் வேகமாக நடக்கும்போதும் நெஞ்சு இறுகி, நின்றால் சில நிமிடங்களில் விட்டுப்போகிறதா? இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருப்பவர்களிடம் இதுதான் வழக்கமான கதை. வலி நின்றுவிட்டதே என்று விடாமல், ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பாருங்கள். அதே இறுக்கம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தாலோ, முன்பைவிடக் குறைந்த வேலைக்கே வந்தாலோ அன்றே, உடனே போக வேண்டும்.

என்னை மிகவும் வருத்துவது 'கேஸ்தான்' என்கிற பேச்சு. அமிலம் மேலேறி நெஞ்சு எரிவது உண்மைதான், படுத்தால் அது கூடுவதும் உண்மைதான். ஆனால் மாரடைப்பும் மேல்வயிற்று வலியாக, குமட்டலாக வரும். மாத்திரை போட்டுப் பார்ப்போம், விடியட்டும் பார்ப்போம் என்று கடத்துகிற ஒவ்வொரு மணி நேரத்திலும் இதயத் தசை அழிந்துகொண்டே இருக்கும், அழிந்தது திரும்ப வளராது. சர்க்கரை நோயாளிகள், முதியவர்கள், பெண்கள் ஆகியோரிடம் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பும் அசாத்தியக் களைப்பும் வியர்வையும் மட்டும் வருவதுண்டு.

சரி, படபடப்புக்கு வருவோம். துடிப்பு விட்டுப்போனதாக நீங்கள் உணர்வது, உண்மையில் பெரும்பாலும் முந்திக்கொண்டு வந்த ஒரு துடிப்பு. இதயம் நிரம்புவதற்குள் வந்துவிடுவதால் அது உங்களுக்குத் தெரிவதில்லை. அதை அடுத்து ஒரு சின்ன இடைவெளி. அந்த நேரத்தில் கூடுதலாக ரத்தம் நிரம்பிவிடும், அதனால் அடுத்த துடிப்பு பலமாக விழும். தூக்கிப்போடுவது அதுதான். ஆரோக்கியமான இதயத்திலும் இது சாதாரணமாக நடக்கும். இரவில் சுற்றிலும் அமைதி, அதோடு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் மார்புச் சுவரை ஒட்டிவிடும், அதனால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அடுத்த முறை வரும்போது மணிக்கட்டில் விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. மெல்ல ஏறி மெல்ல இறங்குகிற வேகம் பதற்றத்திலும் காய்ச்சலிலும் வரும். சுவிட்ச் போட்டதுபோல் திடீரென்று 150க்கு மேல் பறந்து, திடீரென்று நிற்பது வேறு. அது இதயத்தின் மின்னோட்டப் பாதையில் கோளாறாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. தாளமே இல்லாமல் தாறுமாறாக அடித்தால் அதையும் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் அந்த வகைகளில் ஒன்று மூளைக்கு ரத்தக்கட்டியை அனுப்பக்கூடியது.

உங்கள் ஈசிஜி நார்மல் என்றது பொய்யில்லை. ஆனால் அது பதிவு செய்வது சுமார் 10 விநாடிதான். அந்த நேரத்தில் படபடப்பு இல்லையென்றால் அதில் என்ன தெரியும்? தினமும் வருவதால் 24 மணி நேரம் உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஹோல்ட்டர் பதிவு உங்களுக்குப் பொருந்தும். எக்கோ என்கிற இதய ஸ்கேன், தைராய்டு, ஹீமோகுளோபின், பொட்டாசியம் ஆகிய ரத்தப் பரிசோதனைகள் எல்லாவற்றையும் கேளுங்கள். சளி மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், காபி, மது, தூக்கமின்மை எல்லாமே படபடப்பைத் தூண்டும். கைக்கடிகாரத்தில் ஈசிஜி வசதி இருந்தால் அந்த நேரத்தில் பதிந்து மருத்துவரிடம் காட்டலாம், ஆனால் மாரடைப்பை அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பயமே காரணமாகவும் இருக்கலாம். இருந்தாலும் மற்றதெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் 'டென்ஷன்' என்ற முடிவுக்கு வர வேண்டும். பரிசோதிக்காமல் ஒருவர் அப்படிச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஓட வேண்டிய நேரம் இது: நெஞ்சில் பாரமோ இறுக்கமோ வந்து சில நிமிடங்களில் தணியாவிட்டால், வியர்த்துக் கொட்டினால், மூச்சு முட்டினால், முதுகுவரை கிழிப்பதுபோல் வலித்தால், படபடப்போடு மயக்கம் வந்தால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்காருங்கள். ஆஸ்பிரின் வேண்டுமா என்று அழைப்பில் இருப்பவரைக் கேளுங்கள். ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருத்துவமனையில் சில மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தால் அலுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். இதயத் தசை பாதிக்கப்பட்டால் வெளியேறும் ட்ரோபோனின் என்ற புரதத்தின் அளவு ரத்தத்தில் ஏறுவதற்கு நேரம் பிடிக்கும், முதல் சோதனையில் தவறியது இரண்டாவதில் சிக்கும்.

ஓடுகிறபோதோ உடற்பயிற்சியின்போதோ முன்பு எப்போதாவது படபடத்து மயங்கியிருந்தாலும், குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தாலும் இதய நிபுணரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். இவை இரண்டும் உங்களுக்கு இல்லையென்றால் இந்த வாரத்துக்குள் ஒரு சந்திப்பு வாங்கினால் போதும், நள்ளிரவில் ஓட வேண்டியதில்லை. அதுவரை ஒரு தாளில் நேரம், நாடி எண்ணிக்கை, எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று குறித்து வையுங்கள். போகும்போது அதையும் பழைய ஈசிஜியையும் எடுத்துச் செல்லுங்கள்.