கரும்பு எரியுற புகையும் கேலக்ஸி தூசியும்

அண்ணா, வணக்கம். ஈஸ்டர் லீவுல குடும்பத்தோட தென்னாப்பிரிக்காவோட கரூ வறண்ட பூமி பக்கம் போயிருந்தோம். ராத்திரி சதர்ன் கிராஸ் நட்சத்திரக் கூட்டம் பக்கத்துல கருப்பா ஒரு ஓட்டை மாதிரி தெரிஞ்சுது, கூட வந்தவர் அது தூசின்னார். தூரத்து கேலக்ஸியெல்லாம், அதான் நம்ம பால்வீதி மாதிரி நட்சத்திரப் பெருங்கூட்டமெல்லாம், சிவப்பா தெரியுதுன்னு சொல்றதும் இந்த தூசியாலதானோ? அப்ப அந்த சிவப்ப வச்சு யூனிவர்ஸ் விரியுதுங்குறத எப்படி நம்புறது?
- பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

தம்பி, ரொம்ப நல்ல கேள்வி. நீங்க பாத்தது கோல்சாக். தூசி மேகம்தான், பின்னாடி ஏகப்பட்ட நட்சத்திரம் இருக்கு, வெளிச்சம் வர வழியில்ல.

டோங்காட் பக்கம் கரும்பு வெட்டுறதுக்கு முன்னால தோட்டத்துக்கு தீ வைப்பாங்கல்ல, எங்க பாட்டி காயப்போட்ட துணிய எடுக்க ஓடுவாங்க, அந்த புகைக்குள்ள சாயங்கால சூரியன பாத்தா செக்கச்செவேல்னு இருக்கும். கேலக்ஸி தூசியும் அப்படித்தான், நீலத்த நிறைய மறிச்சுடும், சிவப்ப ஓரளவு விட்டுடும்.

ஆனா விரியுறதால வர்ற சிவப்பு வேற தம்பி. கேலக்ஸியோட ஒளிய நிறம் நிறமா பிரிச்சு பாத்தா ஹைட்ரஜனுக்கு, கால்சியத்துக்குன்னு தனித்தனி கோடு இருக்கும், தூசியால அத மங்கலாக்கத்தான் முடியும், இடம் மாத்தவே முடியாது. யூனிவர்ஸ் விரியுறப்ப எல்லா கோடும் ஒரே விகிதத்துல சிவப்பு பக்கம் தள்ளிப்போகும். அதனால தாராளமா நம்பலாம்.

தூசி நம்மள ஏமாத்துற இடம் தூரக் கணக்கு. மங்கலா இருக்கா, அப்ப தூரத்துல இருக்குன்னு நினைச்சுடுவோம். 1930ல டிரம்ப்ளர்னு ஒரு வானியலாளர் நட்சத்திரக் கொத்துகள அளந்து பாத்துட்டு, நடுவுல தூசி இருக்கு, அதனாலதான் தூரம் தப்பா வருதுன்னு காட்டினார். இப்ப சூப்பர்நோவாவ, அதான் வெடிக்கிற நட்சத்திரத்த, வச்சு தூரம் அளக்குறவங்க பல நிறத்துல பாத்து, நீலம் எவ்ளோ கொறஞ்சிருக்கோ அத வச்சு தூசிய கழிச்சுடுறாங்க, அதுலயும் கொஞ்சம் பிழை மிச்சம் இருக்கத்தான் செய்யும்.

நம்ம பால்வீதி தூசியே வெளியில இருக்கிற கேலக்ஸிகள்ல நிறைய மறைச்சுடுது. அதுக்குப் பின்னாடி 80 கோடி ஒளியாண்டு தூரத்துல வேலா சூப்பர்கிளஸ்டர்னு கேலக்ஸிகளோட பெருங்கூட்டமே இருக்குன்னு 2016ல சொன்னது கேப் டவுன் யுனிவர்சிட்டி ரெனே கிரான்-கோர்ட்டவெக் தலைமையில ஒரு குழு, நம்ம சதர்லேண்ட் சால்ட் டெலஸ்கோப்பும் அதுல வேலை பாத்துச்சு, எனக்கு அதுல ரொம்ப பெருமை. ரேடியோ அலைக்கு தூசி தடையே இல்ல, அதான் கரூல மீர்காட் ரேடியோ டெலஸ்கோப்போட 64 டிஷ் பால்வீதி நடுவையே படம் எடுக்குது.

அடுத்த தடவ ஜூன், ஜூலைல போங்க. நடுராத்திரி வாக்குல பால்வீதி நடு தலைக்கு மேல நிக்கும், அதுக்குள்ள கருப்பு கருப்பா ஓடுறது பூரா இதே தூசிதான், பிள்ளைங்களுக்கும் காட்டுங்க.