எந்த நிக்கல், எந்த எஃகு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: லண்டன் சந்தையில் நிக்கல் விலை சரிந்த பிறகும் 304 தரத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டின் விலை அதே வேகத்தில் இறங்காதது ஏன்?

ஒரு டன் 304 எஃகில் நிக்கல் ஏறத்தாழ 80 கிலோகிராம்தான் இருக்கிறது. ஆகவே நிக்கல் விலை டன்னுக்கு 1,000 டாலர் குறைந்தால், தகட்டின் மூலப்பொருள் செலவு டன்னுக்குச் சுமார் 80 டாலரே குறையும். பல ஆலைகள் உலோகக் கலவைக்கான கூடுதல் கட்டணத்தை முந்தைய காலச் சராசரி விலையைக் கொண்டு கணக்கிடுவதால், அந்தக் குறைவும் தாமதித்தே வந்து சேரும்.

இவற்றைவிட முக்கியமான காரணம் வேறு. லண்டன் உலோகச் சந்தை ஏற்பது, குறைந்தது 99.8 சதவீதத் தூய்மையுள்ள முதல் வகுப்பு நிக்கலை மட்டுமே. எஃகு உலைக்கு அத்தகைய தூய்மை தேவையில்லை. நிக்கலோடு வரும் இரும்பும் அங்கே பயன்படும் என்பதால், ஆலைகள் ஃபெர்ரோநிக்கல் (இரும்பும் நிக்கலும் சேர்ந்த கலவை), நிக்கல் பிக் அயர்ன் (நிக்கல் கலந்த மலிவான கச்சா இரும்பு), எஃகு ஸ்கிராப் ஆகியவற்றையே பெரிதும் நாடுகின்றன. இவை அனைத்தையும் நிக்கல் என்றே அழைத்தாலும், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எப்போதும் வைத்துவிட முடியாது. 2022 மார்ச் 8 அன்று விலை டன்னுக்கு 1,00,000 டாலரைத் தாண்டி, வர்த்தகம் நிறுத்தப்பட்டு, அன்றைய பரிவர்த்தனைகள் ரத்து செய்யப்பட்டபோது இந்த வேறுபாடு வெளிச்சத்துக்கு வந்தது. விலை இறங்கும் என்ற கணக்கில் பெருமளவில் விற்பனை நிலை எடுத்திருந்த சீனாவின் ட்சிங்ஷான் நிறுவனம், உலகின் மிகப் பெரிய நிக்கல் உற்பத்தியாளர்களுள் ஒன்று. ஆயினும் அதன் உற்பத்தியில் பெரும்பகுதி அந்தச் சந்தையில் ஒப்படைக்கத்தக்க வடிவில் இருக்கவில்லை.

கேள்வி: இந்தோனேசியா இத்துறையில் இவ்வளவு செல்வாக்குப் பெற்றது எப்படி?

நிக்கல் தாதுவை அப்படியே விற்க மறுத்ததால். 2014இல் விதித்த ஏற்றுமதித் தடையை 2017இல் ஓரளவு தளர்த்திய அந்நாடு, 2020 தொடக்கத்திலிருந்து அதை மீண்டும் முழுமையாக நடைமுறைப்படுத்தியது. தாது வேண்டுவோர் உலையோடு வர வேண்டியதாயிற்று. சீன முதலீட்டில் சுலாவெசித் தீவின் மொரோவாலி போன்ற இடங்களில் உருக்காலைகளும், அவற்றை ஒட்டியே எஃகு ஆலைகளும் எழுந்தன. இன்று உலகச் சுரங்க உற்பத்தியில் பாதிக்கும் மேல் அங்கிருந்து வருகிறது. இதனால் பெருகிய வரத்து விலையை அழுத்தியதில், மேற்கு ஆஸ்திரேலியாவில் பிஎச்பி நிறுவனம் தன் நிக்கல் பிரிவின் இயக்கத்தை 2024இல் நிறுத்தி வைத்தது. விலை மலிவானது வாங்குவோருக்கு நன்மையே. ஆனால் ஒரே நாட்டின் கொள்கையை நம்பியிருக்கும் மலிவு அது என்பதைக் கொள்முதல் செய்வோர் கணக்கில் எடுக்க வேண்டும்.

கேள்வி: 304க்குப் பதிலாக 201 தரத்தைப் பயன்படுத்தலாமா? காந்தத்தால் இரண்டையும் பிரித்தறிய முடியுமா?

வறண்ட உட்புறப் பயன்பாட்டுக்கு 201 போதுமானது. உப்பு, அமிலம், ஓயாத ஈரம் உள்ள இடங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதில் நிக்கல் 3.5 முதல் 5.5 சதவீதம்தான், குறைந்த நிக்கலுக்கு ஈடாக மாங்கனீசும் நைட்ரஜனும் சேர்க்கப்படுகின்றன. படிக அமைப்பு இரண்டிலும் ஒன்றே, இயல்பில் இரண்டுமே காந்தத்தில் ஒட்டுவதில்லை என்பதால் காந்தச் சோதனை இங்கே பயன்படாது. அத்துடன், குளிர்நிலையில் வளைத்த அசல் 304கூட வளைவில் சற்றே காந்தத்தை ஈர்க்கும். எக்ஸ்-கதிர் பகுப்பாய்வுக் கருவியால் மாங்கனீசு அளவைப் பார்ப்பதே உறுதியான வழி.

கேள்வி: நிக்கலே இல்லாத துருப்பிடிக்காத எஃகு உண்டா?

உண்டு. 430 தரம் 16 முதல் 18 சதவீதக் குரோமியத்தைக் கொண்டே துருவைத் தடுக்கிறது. ஆனால் பற்றவைப்புக்கும் ஆழமான வடிவமைப்புக்கும் 304 அளவுக்கு இணங்காது.

கேள்வி: மின்வாகன பேட்டரிகள் எஃகுத் துறையின் நிக்கலைப் பறித்துக்கொள்ளுமா?

உலக நிக்கல் பயன்பாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இன்னும் துருப்பிடிக்காத எஃகுக்கே செல்கிறது. நிக்கல் அறவே தேவைப்படாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் பரவியதால், முன்பு எதிர்பார்த்த போட்டி தணிந்திருக்கிறது. எனினும் நிக்கல் பிக் அயர்னை மேட் எனும் இடைநிலைப் பொருளாக மாற்றி, அதிலிருந்து பேட்டரிக்கான நிக்கல் சல்பேட்டைத் தயாரிக்கும் வழி இப்போது நடைமுறையில் உள்ளது. பேட்டரித் துறை கூடுதல் விலை தரும் காலங்களில் எஃகுக்குரிய சரக்கு அவ்வழியே திரும்பக்கூடும் என்பதால், நீண்டகால ஒப்பந்தம் செய்வோர் லண்டன் விலையோடு நிக்கல் பிக் அயர்ன், சல்பேட் ஆகியவற்றின் விலைகளையும் சேர்த்தே கவனிப்பது நல்லது.