வால்வு ஹைட்ரோ டெஸ்ட்: எத்தனை பார் ஏற்ற வேண்டும்?

கேள்வி: எங்கள் நீராவி லைன் 10 பார் அழுத்தத்தில், 180 டிகிரியில் ஓடுகிறது. கிளாஸ் 150 (அழுத்தம் தாங்கும் வகுப்பு) கார்பன் ஸ்டீல் கேட் வால்வுக்குள் நீரை ஏற்றி 15 பாரில் சோதித்தால் போதாதா?

பதில்: போதாது. லைனில் ஓடும் அழுத்தத்தைப் பார்த்து வால்வைச் சோதிக்கக் கூடாது. வால்வு எந்த அழுத்தத்துக்கு உரியதோ அதைப் பார்த்தே சோதிக்க வேண்டும். வால்வுகளுக்கான ஏஎஸ்எம்இ பி16.34 தரநிலை அட்டவணையில் கிளாஸ் 150 டபிள்யூசிபி (வார்ப்புக் கார்பன் ஸ்டீல்) பாடிக்கு 38 டிகிரி செல்சியஸில் அனுமதித்த அழுத்தம் 19.6 பார். 200 டிகிரியில் அதுவே 13.8 பாராக இறங்கிவிடும். சோதனை குளிர்ந்த நீரில் நடப்பதால் 38 டிகிரிக்குரிய மதிப்பையே ஒன்றரையால் பெருக்குகிறோம். 29.4 வருகிறது, அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தி 30 பார். 15 பாரோடு நிறுத்தினால், வார்ப்பில் ஒளிந்திருக்கும் நுண்துளை கசியாமலே தப்பிவிடலாம். பிறகு அது கசிவது நீராவி ஓடும்போதுதான்.

உலோகம் மாறினால் எண்ணும் மாறும். சிஎஃப்8எம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கிளாஸ் 150க்கு 19 பார்; எனவே சோதனை 29 பார். பாடியில் பொறித்திருக்கும் கிளாஸ், உலோகம் இரண்டையும் படித்த பிறகே அட்டவணையைத் திறவுங்கள்.

கேள்வி: வால்வை மூடிவிட்டு அதே 30 பாரை ஏற்றலாமா?

பதில்: வேண்டாம். 30 பார் பாடிக்கான சோதனை. வால்வைப் பாதி திறந்து, இரு முனைகளையும் அடைத்துச் செய்வது. வால்வு மூடும்போது அடைப்பு உட்காரும் சீட்டுக்கு 38 டிகிரி மதிப்பின் 1.1 மடங்குதான், அதாவது சுமார் 21.6 பார். பட்டர்ஃபிளை வால்விலும் மென்மையான சீட் உள்ள வால்விலும், மூடிய நிலையில் தாங்கும் அழுத்தம் பாடியின் மதிப்பைவிடக் குறைவாக இருக்கலாம். 10 பார் எனத் தயாரிப்பாளர் குறித்திருந்தால் 11 பாரோடு நிறுத்துங்கள்.

கேள்வி: பைப்லைனை 60 பாரில் சோதிக்கப் போகிறோம். கிளாஸ் 300 டபிள்யூசிபி வால்வை மூடி, அதையே லைனின் முனையாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்த வால்வின் மதிப்பு 51.1 பார். பாடி 77 பார் சோதனையைக் கண்டது, 60ஐத் தாங்கும். சீட்டின் எல்லையோ சுமார் 56 பார்தான். பிளைண்ட் ஃபிளேஞ்ச் (துளையில்லா மூடித் தட்டு) போட்டு லைனை அடையுங்கள், வால்வைப் பாதி திறந்து வையுங்கள்.

கேள்வி: எவ்வளவு நேரம் அழுத்தத்தில் வைக்க வேண்டும்?

பதில்: வால்வு சோதனைக்கான ஏபிஐ 598 தரநிலைப்படி, பாடி சோதனைக்கு 50 மி.மீ. அளவுள்ள வால்வு வரை 15 விநாடி, 65 முதல் 150 வரை 60, 200 முதல் 300 வரை 120, அதற்கு மேல் 300. கேஜ் முள் நிலைத்த பிறகே எண்ணத் தொடங்குங்கள்.

கேள்வி: எங்கும் கசிவில்லை, ஆனாலும் முள் மெல்ல இறங்குகிறது. ஏன்?

பதில்: முதலில் உள்ளே சிக்கிய காற்றைச் சந்தேகியுங்கள். பானெட்டின் (பாடியின் மேல்மூடி) கீழுள்ள இடைவெளியில் காற்று தங்கினால், அது நீரில் கரையக் கரைய அழுத்தம் சரியும். அதைவிடப் பெரிய கவலை, அமுங்கிய காற்று சேர்த்துவைக்கும் ஆற்றல். பாடி உடைந்தால் துண்டுகள் பறக்கும். மேல்முனையில் குமிழியில்லாமல் நீர் வழியும்வரை காற்று வெளியேறும் வென்ட்டை மூடாதீர்கள். பம்ப்பின் இணைப்புகளையும் துடைத்துப் பாருங்கள், பல நேரம் ஒழுகுவது அங்கேதான்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குத் தனி நீர் தேவையா?

பதில்: ஆஸ்டெனிடிக் வகைக்கு (சிஎஃப்8எம் போன்றவை) ஏபிஐ 598 அனுமதிக்கும் குளோரைடு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரைதான். சோதனை முடிந்ததும் பால் வால்வைப் பாதி திறந்து, பந்துக்குப் பின்னால் தேங்கிய நீரையும் வடித்து உலர்த்துங்கள். அங்கே நீர் வற்ற வற்றக் குளோரைடு அடர்ந்து உலோகத்தை அரிக்கும்.